தடையில்லாச் சான்று பிறந்த கதை

திருமுருகன்பூண்டிப் பக்கத்துக் குடும்பங்களில் பிள்ளை கொடுப்பதும் எடுப்பதும் புதிய சங்கதி இல்லை. அண்ணனுக்கு மூன்று பிள்ளை, தங்கைக்கு ஒன்றும் இல்லை என்றால் பெரியவர்கள் கூடிப் பேசுவார்கள். நல்ல நாள் பார்த்து, சொந்தபந்தம் முன்னால் பெற்றவள் மடியிலிருந்து வளர்க்கப்போகிறவள் மடிக்குக் குழந்தை மாறும். ஒரு காலத்தில் அத்தோடு காரியம் முடிந்தது. பிறகு, விவரம் தெரிந்த யாராவது ஒருவர் "பத்திரம் பண்ணிப் போடுங்க, நாளைக்குச் சொத்துல வில்லங்கம் வந்துரும்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஸ்டாம்ப் பேப்பர் வாங்கி, பத்திர எழுத்தரிடம் தத்துப் பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் கைரேகை வைத்துவிட்டு வந்தால் நிம்மதி. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டமும் அதற்குத் துணை நிற்கிறது: பிள்ளைக்குப் பதினைந்து வயது முடிந்திருக்கக் கூடாது, மணமாகியிருக்கக் கூடாது, பெற்றவர்கள் மனமார நேரில் கொடுக்க வேண்டும், எடுப்பவர்கள் நேரில் வாங்க வேண்டும், பணம் கைமாறக் கூடாது. பதிவான பத்திரம் இருந்தால், வேறு ஆதாரம் காட்டி மறுக்கப்படும்வரை தத்து முறைப்படி நடந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்.

இப்போது அந்தத் தங்கை நியூ ஜெர்சியில் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பனியன் கம்பெனி, டையிங், நிட்டிங் என்று இருந்த குடும்பங்களில் அடுத்த தலைமுறை கம்ப்யூட்டர் படித்துவிட்டு அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து என்று போய்ப் பல வருடம் ஆயிற்று. லீவில் வந்தாள், தத்து எடுத்தாள், பத்திரம் பதிந்தாள். "எனக்கு விசா இருக்கு, புள்ளைக்கும் எடுத்துக்கலாம்" என்று நினைத்து அமெரிக்காவுக்குத் திரும்பிவிட்டாள். அதற்கப்புறம்தான் தொலைபேசியில் அண்ணனுக்கும் தங்கைக்கும் இடையில் அந்தப் பேச்சு நடக்கிறது.

"ஏம்மா, பத்திரம் பதிஞ்சாச்சு, பேரு மாத்தியாச்சு, இன்னும் என்ன காயிதம்?"

"என்ஓசி வேணுமாமுங்கண்ணா. டெல்லியில இருந்து."

"நாந்தான பெத்தவன். நானே குடுக்கறேங்கறேன். டெல்லிக்காரன் எதுக்குத் தடை சொல்லோணும்?"

இந்தக் குடும்பம் நான் உண்டாக்கிக்கொண்டது. கேள்வி மட்டும் என்னுடையதல்ல. திருப்பூர்க்காரருக்குக் காகிதம் என்றால் பயம் கிடையாது. ஒரு பெட்டி டி-ஷர்ட் தூத்துக்குடியில் கப்பலேற இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், எந்த நாட்டில் செய்தது என்ற சான்று, இன்னும் நாலு என்று வரிசையாக அடுக்குகிற ஊர் இது. வாங்குகிறவர் நாட்டில் ஒரு விதி, நம் நாட்டில் ஒரு விதி, இரண்டும் பொருந்தினால்தான் சரக்கு இறங்கும் என்பது ஷிப்பிங் பார்க்கிற பையனுக்குக் கூடத் தெரியும். ஆனால் பிள்ளை சரக்கல்லவே என்கிறார் அந்த அண்ணன். நியாயம்தான். ஒரு காலத்தில் பிள்ளைகளும் சரக்காகவே கப்பலும் விமானமும் ஏறினார்கள் என்பதுதான் இந்த என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று, பிறந்த காரணம்.

1982ல் லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியக் குழந்தைகளை வெளிநாட்டவருக்குத் தத்துக் கொடுக்கும் வேலையில் இறங்கியிருக்கும் தொண்டு நிறுவனங்களைப் பற்றி ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை விசாரித்து எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டு எழுதிய கடிதம் அது. தத்து என்ற பெயரில் பிஞ்சுக் குழந்தைகள் நெடும்பயணத்துக்கு ஆளாகிறார்கள், பிழைத்துப் போய்ச் சேர்கிறவர்களிலும் சிலர் கவனிப்பாரின்றிப் பிச்சைக்கும் விபச்சாரத்துக்கும் தள்ளப்படுகிறார்கள் என்பது அதன் சாரம். இந்த வேலையைத் தனியார் அமைப்புகள் செய்வதற்கே தடை விதிக்க வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். அஞ்சலட்டையையும் கடிதத்தையும் மனுவாக ஏற்றுக்கொண்ட காலம் அது. பொதுநல வழக்கு என்பதை நாட்டில் வேரூன்றச் செய்தவர்களில் முதன்மையான நீதிபதி பி.என். பகவதியின் முன்னால் கடிதம் வந்தது. மத்திய அரசுக்கும், குழந்தைகள் நலனுக்கும் சமூக நலனுக்குமான அகில இந்தியக் குழுக்களுக்கும் நோட்டீஸ் போனது. விஷயம் தெரிந்ததும் உள்நாட்டு நலச் சங்கங்களும் வெளிநாட்டுத் தத்து அமைப்புகளும் ஒவ்வொன்றாக வந்து தம் தரப்பைச் சொல்லின.

அன்றைக்கு நிலைமை எப்படி என்றால், வெளிநாட்டவர் இந்தியக் குழந்தையைத் தத்தெடுக்கச் சட்டமே இல்லை. 1956ஆம் ஆண்டுச் சட்டம் இந்துக்களுக்கு மட்டும். முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், பார்சிகள் யாரும் சட்டப்படி தத்தெடுக்க வழியில்லை. எல்லோருக்கும் பொதுவாக ஒரு மசோதா 1972ல் மாநிலங்களவைக்கு வந்து எதிர்ப்பில் அடங்கிப்போனது. 1980ல் முஸ்லிம்களை விலக்கிவிட்டு மறுபடி கொண்டுவந்தார்கள், அதுவும் சட்டமாகவில்லை. எனவே சுவீடனிலிருந்தோ ஹாலந்திலிருந்தோ வந்தவர்கள் 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் மைனர்களையும் அவர்களுடைய சொத்தையும் பார்த்துக்கொள்ள எழுதிய சட்டம் அது. மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டுக் குழந்தைக்குக் காப்பாளர் ஆவார்கள். வெளிநாடு கொண்டுபோக அனுமதி வாங்குவார்கள். அங்கே போய் அந்த நாட்டுச் சட்டப்படி தத்தெடுப்பார்கள். அங்கே போய் எடுக்கவே இல்லை என்றால்? கேட்க நாதியில்லை. குழந்தை அந்த நாட்டில் வாழ்ந்தும் அந்த நாட்டுப் பிரஜை ஆகாமல் நடுவில் நிற்கும்.

1984 பிப்ரவரி 6 அன்று தீர்ப்பு வந்தது. பகவதி தடை விதிக்கவில்லை. அநாதை விடுதியில் கிடப்பதைவிட வெளிநாட்டுக் குடும்பம் மேல் என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் முதலில் இந்தியப் பெற்றோரைத் தேட வேண்டும், கிடைக்காவிட்டால்தான் வெளிநாடு என்று வரிசை வகுத்தார். பிறகு நாடாளுமன்றம் செய்யாத வேலையை நீதிமன்றமே உட்கார்ந்து செய்தது. ஒரு சட்டப் புத்தகத்துக்குரிய நுணுக்கம் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. வெளிநாட்டவர் நேரடியாக வந்து குழந்தை கேட்கக் கூடாது. அவர்கள் நாட்டில் அங்கீகாரம் பெற்ற அமைப்பு ஒன்று பொறுப்பேற்று அனுப்ப வேண்டும். அவர்களுடைய வீடு, வருமானம், உடல்நலம், மணவாழ்க்கை, ஏன் பிள்ளை வேண்டும் என்கிறார்கள் என்பதெல்லாம் விசாரித்து எழுதிய அறிக்கை வர வேண்டும். இங்கே குழந்தையைப் பற்றி ஓர் அறிக்கை. பெற்ற தாய் ஒப்படைத்தால் அவள் மனம் மாறுவதற்குச் சுமார் மூன்று மாதம் அவகாசம். விசாரணை பூட்டிய அறைக்குள். போன பிறகு முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், அடுத்த வருடம் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் குழந்தை எப்படி இருக்கிறது என்று எழுத வேண்டும். இரண்டு வருடத்துக்குள் அந்த நாட்டுச் சட்டப்படி தத்து முடிய வேண்டும். இதையெல்லாம் மேற்பார்வை பார்க்க மத்தியில் ஓர் அமைப்பு வேண்டும் என்றும் சொன்னார்.

அந்த அமைப்புதான் இன்றைய காரா. 1989ல் மத்திய அரசு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 1990ல் மத்திய தத்தெடுப்பு வள முகமை என்ற பெயரில் அது டெல்லியில் அமைந்தது. 1999ல் தன்னாட்சி பெற்றது. வெளிநாட்டுக்குப் போகிற ஒவ்வொரு குழந்தையின் கோப்பும் இந்த அலுவலகத்தின் மேஜையைத் தாண்டித்தான் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று ஏற்பாடானது. அப்படித் தாண்டுகிற இடத்தில் கொடுத்த தாளுக்குத்தான் தடையில்லாச் சான்று என்று பெயர். தீர்ப்பு எழுதியபோது மனதில் இருந்தது விடுதியிலிருந்த குழந்தை, கைவிடப்பட்ட குழந்தை, தாய் ஒப்படைத்துவிட்டுப் போன குழந்தை. திருமுருகன்பூண்டியில் அத்தை மடிக்கு மாறிய பிள்ளை அந்தப் பட்டியலில் கிடையாது. இந்தக் கதையின் பிற்பாதிச் சிக்கல் முழுவதும் இங்கேதான் கருவானது.

உலகமும் ஒன்பது வருடம் கழித்து அதே வரிசைக்கு வந்தது. 1993 மே 29 அன்று ஹேக் நகரில் முடிவான தத்தெடுப்பு உடன்படிக்கை, சொந்த நாட்டில் வழியில்லாவிட்டால்தான் வெளிநாடு, ஒவ்வொரு நாட்டிலும் ஒரு மைய அதிகார அமைப்பு, பெற்றோர் நாடும் குழந்தை நாடும் இரண்டும் சம்மதித்த பிறகே ஒப்படைப்பு என்று விதித்தது. இந்தியா 2003ல் கையெழுத்திட்டு, அதே வருடம் உறுதியும் செய்தது. அக்டோபர் 1 முதல் நம்மைக் கட்டியது. காரா நம் மைய அமைப்பு ஆனது.

சான்று இருந்தால் திருட்டு நின்றுவிட்டதா என்றால், இல்லை. இதைச் சொல்லாமல் தாண்டினால் நேர்மையாகாது. 2005ல் சென்னையில் பிள்ளை கடத்தும் கும்பல் ஒன்று பிடிபட்டது. தெருவோரம் தூங்கிய, வாசலில் விளையாடிய பிள்ளைகளைத் தூக்கி, மலேசியன் சோஷியல் சர்வீசஸ் என்ற தத்து நிறுவனத்தில் விற்றதாகப் புகார். தாய் ஒப்படைத்தாள் என்று போலி ஒப்புதல் தயாராகி, கோப்பு ஒழுங்காக அடுக்கப்பட்டு, பிள்ளைகள் ஆஸ்திரேலியாவுக்கும் நெதர்லாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். புளியந்தோப்பு போன்ற இடங்களில் பெற்றோர்கள் வருடக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தபோது அந்தப் பிள்ளைகள் வேறு பெயரில் வேறு மொழி பேசிப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். வழக்கு உயர் நீதிமன்ற உத்தரவால் சி.பி.ஐ.யிடம் போனது. காகிதத்தில் இருந்ததைத்தான் மேஜைகள் பார்த்தன. காகிதத்துக்குப் பின்னால் இருந்த தாயைப் போய்ப் பார்க்க ஆளில்லை. பிற்பாடு மாவட்ட அளவில் நேரில் போய் விசாரிக்கும் ஏற்பாடு வலுத்ததற்கு இம்மாதிரி வழக்குகளே காரணம் என்று நினைக்கிறேன். பக்கத்து இலங்கையில் 1980களில் தத்துக்காகவே குழந்தைகளைச் சேர்த்து வைத்த வீடுகள் இருந்தன. 1987ல் அங்கே வெளிநாட்டுத் தத்தைக் கொஞ்ச காலம் நிறுத்தியே வைத்தார்கள். நெதர்லாந்து 2021ல் தன் பழைய தத்துக் கணக்கைத் தானே தோண்டிப் பார்த்து, முறைகேடுகளைக் கண்டு, புதிய விண்ணப்பங்களை நிறுத்தியது. தத்துப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகித் திரும்பி வந்து "என் அம்மா யார்" என்று கேட்டதால் நடந்தது அது.

சரி, சொந்தக்காரப் பிள்ளைக்கு வருவோம்.

முதலில் உச்ச நீதிமன்றமே ஒரு வாசலைத் திறந்தது. ராஜஸ்தானில் ஒரு டாக்சி ஓட்டுநர் விபத்தில் இறந்துபோனார். அவருக்குப் பழக்கமான இத்தாலியத் தம்பதி அவருடைய பிள்ளைகளில் ஒன்றைத் தத்தெடுக்க விரும்பினார்கள், தாய்க்கும் சம்மதம். மாவட்ட நீதிமன்றம், உயர் நீதிமன்றம் இரண்டும் காராவின் சான்று இல்லை என்று மனுவைத் தள்ளிவிட்டன. 2003 கடைசியில் உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி சொன்னது. பகவதியின் விதிகள் யாருமற்ற பிள்ளைக்காக எழுதியவை; பெற்றவளோடு இருக்கும் பிள்ளையை, தெரிந்த மனிதருக்கு, தானாகப் பெற்றவள் கொடுக்கும்போது அந்தச் சான்றைக் கேட்டு முட்டுக்கட்டை போட வேண்டியதில்லை. அந்த அண்ணன் கேட்ட கேள்விக்கு அன்றைக்கு ஒரு பதில் கிடைத்தது போலத்தான் இருந்தது.

ஆனால் விசா கொடுப்பது நீதிமன்றம் அல்லவே. ஹேக் உடன்படிக்கையில் "தெரிந்தவர், தெரியாதவர்" என்று வித்தியாசம் கிடையாது. பிள்ளை ஒரு நாட்டில், பெற்றோர் இன்னொரு நாட்டில், தத்து என்ற பெயரில் பிள்ளை அங்கே போகிறது. அவ்வளவு போதும், உடன்படிக்கை வந்து உட்கார்ந்துவிடும். அமெரிக்காவுக்கு அந்த உடன்படிக்கை 2008 ஏப்ரல் 1 முதல் அமலாயிற்று. அதற்குப் பிறகு நியூ ஜெர்சித் தங்கை தத்துப் பத்திரத்தைக் கொண்டுபோய் நீட்டினால், காராவின் சான்று எங்கே என்று கேட்பார்கள். காராவிடம் வந்தால், இது எங்கள் சட்டப்படி நடந்த தத்து இல்லை, எப்படிச் சான்று தர முடியும் என்பார்கள்.

2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் இந்த முடிச்சை அவிழ்க்கும் என்று பார்த்தால், இறுக்கியது. அதன் 56ஆம் பிரிவைப் படித்தால் சிரிப்பும் வரும், கோபமும் வரும். மூன்றாவது உட்பிரிவு: இந்துச் சட்டப்படி நடக்கும் தத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. நான்காவது உட்பிரிவு: வெளிநாட்டுத் தத்துகள் எல்லாம் இந்தச் சட்டப்படியே நடக்க வேண்டும். இந்துச் சட்டப்படி நடந்து, வெளிநாட்டுக்கும் போகிற பிள்ளை எந்த உட்பிரிவில் உட்காரும்? ஐந்தாவது உட்பிரிவு இன்னும் கடுமை: செல்லுபடியான உத்தரவு இல்லாமல் பிள்ளையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதோ அனுப்புவதோ தண்டனைக்குரிய குற்றம். பெற்ற தகப்பன், வளர்க்க வந்த அத்தை, இருவரும் நல்லெண்ணத்தோடு செய்த காரியம் குற்றத்தின் ஓரத்தில் வந்து நின்றது. குடும்பங்கள் உயர் நீதிமன்றங்களுக்கு ஓடின. காராவுக்கு எதிராக ரிட் மனுக்கள் குவிந்தன.

அதே சட்டம் 60ஆம் பிரிவில் உறவினர் தத்துக்கு நேர்வழி ஒன்றையும் கொடுத்திருந்தது. பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி, இருபுறத்துத் தாத்தா பாட்டி ஆகியோர் உறவினர். அவர்கள் வெளிநாட்டில் இருந்தால் அந்த நாட்டு அமைப்பின் வழியாக விண்ணப்பித்து, பெற்றோர் சம்மதமும், ஐந்து வயது தாண்டிய பிள்ளை என்றால் பிள்ளையின் சம்மதமும் வைத்து, காராவின் சான்றோடு உத்தரவு வாங்கலாம். மதம் தடையில்லை. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் இது திறந்திருந்தது. சிறார் நீதிச் சட்டப்படி யாரும் தத்தெடுக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2014 பிப்ரவரியில் ஷப்னம் ஹாஷ்மி வழக்கிலேயே தெளிவாக்கியிருந்தது. ஆனால் நம் ஊரில் 60ஆம் பிரிவு யாருக்குத் தெரியும்? பத்திர எழுத்தருக்குத் தெரிந்தது 1956. மக்கள் அவரிடம்தான் போனார்கள்.

2021 செப்டம்பரில்தான் வழி பிறந்தது. இந்துச் சட்டப்படி தத்தெடுத்து வெளிநாடு கொண்டுபோக விரும்புகிறவர்களுக்குக் காரா சான்று கொடுக்கும் முறையைச் சேர்த்து ஒழுங்குமுறைகளைத் திருத்தினார்கள். 2022 செப்டம்பரில் வந்த புதிய ஒழுங்குமுறைகளிலும் அது இடம்பெற்றது. பதிவான பத்திரத்தை வைத்துக்கொண்டு டெல்லி நேரடியாக முத்திரை குத்தாது. மாவட்ட ஆட்சியர் விசாரித்து, தத்து உண்மையாகவும் சட்டப்படியும் நடந்திருக்கிறதா என்று சரிபார்த்துச் சொல்ல வேண்டும். பெற்றோர் இருக்கும் நாடு, இந்தப் பிள்ளையை ஏற்றுக்கொள்கிறோம், நிரந்தரமாக வந்து வாழ அனுமதிக்கிறோம் என்று எழுத்தில் தர வேண்டும். ஹேக் உடன்படிக்கையில் சேராத நாடு என்றால் அங்கேயுள்ள இந்தியத் தூதரகம் இந்த வேலையில் கை கொடுக்க வேண்டும். நம் ஆட்கள் நிறையப் போகும் சிங்கப்பூரும் மலேசியாவும் அந்த உடன்படிக்கையில் இல்லை என்பதால் இது சின்ன விஷயம் அல்ல. இதற்கு இடையில் 2021 திருத்தச் சட்டம், தத்து உத்தரவு போடும் அதிகாரத்தை நீதிமன்றத்திடமிருந்து மாவட்ட ஆட்சியருக்கு மாற்றி, 2022 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆக, டெல்லி வழக்கறிஞரின் கடிதத்தில் தொடங்கிய தாள், திருப்பூர் பல்லடம் சாலையில் உள்ள ஆட்சியர் அலுவலகம்வரை வந்து சேர நாற்பது வருடம் பிடித்தது.

என்னைக் கேட்டால் தாமதமாக வந்தாலும் சரியான இடத்துக்கு வந்திருக்கிறது. டெல்லியில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு, பெற்றவன் உண்மையிலேயே அண்ணன்தானா, கடனுக்குப் பிள்ளையைக் கொடுக்கிறானா என்று எப்படித் தெரியும்? திருமுருகன்பூண்டிக்கு வந்து நாலு வீட்டில் விசாரிக்கிறவருக்குத் தெரியும். 2005க்கு முன்பே புளியந்தோப்பில் யாராவது இப்படிப் போய் விசாரித்திருந்தால் எத்தனையோ பிள்ளைகள் தாயோடு இருந்திருப்பார்கள். அந்த அண்ணனுக்கு இது அவமானமாகப் படலாம். என் பிள்ளையை என் தங்கைக்குக் கொடுக்க என்னையே விசாரிப்பதா என்று. விசாரணை அவரைச் சந்தேகப்பட்டு வந்ததல்ல, அவரைப் போல் வேஷம் போட்டவர்களால் வந்தது.

எனக்கு உள்ள குறை வேறு: வரிசை. நம் வழக்கப்படி முதலில் தத்து, பிறகு பத்திரம், கடைசியில் விசா. அந்த நாடுகள் கேட்பதோ தலைகீழ். அமெரிக்காவில் முதலில் தங்கையின் வீட்டை அங்கீகாரம் பெற்ற அமைப்பு ஆய்வு செய்து, குடிவரவுத் துறையில் ஐ-800ஏ விண்ணப்பம் ஒப்புதலாக வேண்டும். அவள் தத்தெடுக்கத் தகுதியானவள் என்பதற்கு அது. அடுத்து பிள்ளையைப் பற்றி ஐ-800. அதற்கு இடைக்கால ஒப்புதல் வந்த பிறகுதான் இங்கே தத்தே நடக்க வேண்டும். ஊரில் முன்பே தத்து முடித்துவிட்டவர்கள் அந்த வரிசைக்குள் திரும்பி நுழைவது பெரும்பாடு. இங்கிலாந்தில் வாழ்கிறவர்களுக்கு அந்நாட்டுக் கல்வித் துறையின் தகுதிச் சான்று முதலில் வேண்டும். அது இல்லாமல் தத்தெடுத்த பிள்ளையைக் கொண்டுவந்தால் அங்கே அது கிரிமினல் குற்றம். கனடாவில் தத்து மாகாணத்தின் கையில் இருப்பதால், அங்கேயும் மாகாண அரசு ஆட்சேபம் இல்லை என்று கடிதம் தர வேண்டும். இங்கே ஒரு தடையில்லாச் சான்று, அங்கே ஒன்று. விண்ணப்பம் போடாமல் விமானத்தில் வந்து இறங்கும் தங்கைக்கு இதை யார் சொல்வது?

வரிசை தப்பினால் கழிவது பிள்ளையின் வயது. 1990களின் பிற்பகுதியில் இந்தியாவில் ஒரு சீக்கியக் குடும்பம் தன் கைக்குழந்தையை இங்கிலாந்தில் உள்ள உறவினருக்கு முறைப்படி தத்துக் கொடுத்தது. இந்தியத் தத்தை இங்கிலாந்துச் சட்டம் ஏற்கவில்லை என்று விசா மறுத்தார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம், காகிதம் எப்படி இருந்தாலும் இவர்களுக்குள் குடும்ப உறவு உண்டு என்று 2004ல் ஒத்துக்கொண்டபோது பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு வந்துவிட்டது.

பூண்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில் அவிநாசி. குளத்தில் முதலை விழுங்கிய ஐந்து வயதுப் பாலகனைச் சுந்தரர் பாடி மீட்டார் என்பது ஊருக்கே தெரிந்த கதை. முதலை வாயிலிருந்து வந்தவன் ஐந்து வயதுப் பிள்ளையாக வரவில்லை. இடைப்பட்ட வருடங்களையும் சேர்த்து வளர்ந்து வந்தான். பெற்றோருக்கு ஆனந்தம். குடிவரவு அதிகாரிக்கு அந்த அற்புதம் ஒத்துவராது, வளர்ந்து வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிடுவார். இந்துச் சட்டப்படி பதினைந்துக்குள் தத்து முடிய வேண்டும். அமெரிக்கக் கணக்கில் பொதுவாகப் பதினாறுக்குள் மனுப் போட்டிருக்க வேண்டும். நம் சிறார் நீதிச் சட்டமோ பதினெட்டுவரை குழந்தை என்கிறது. பதினான்கு வயதில் தொடங்கி, ஆய்வு, ஒப்புதல், ஆட்சியர் விசாரணை, சான்று, உத்தரவு, கோவை பாஸ்போர்ட் அலுவலகம் என்று சுற்றி முடிவதற்குள் எந்தக் கதவு சாத்தும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

போய்ச் சேர்ந்த பிறகும் ஒரு காகிதம் மீதி. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு இயற்றிய சட்டம் 2001 பிப்ரவரி 27 முதல், தத்து முழுமையாக முடிந்து குடியேறும் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தானாகவே குடியுரிமை தருகிறது. அதற்கு முன் பதினெட்டைத் தாண்டியவர்களுக்கு இல்லை. மும்பையிலிருந்து சிறுமியாகப் போய் அங்கேயே வளர்ந்து பிள்ளைகளும் பெற்ற ஒரு பெண்ணை, குடியுரிமை வாங்கித் தர யாரும் அக்கறைப்படாததால், 2008ல் அமெரிக்கா நாடு கடத்தி மும்பைக்கே திருப்பி அனுப்பியது. அவருக்கு இந்தி தெரியாது. பகவதி இரண்டு வருடத்துக்குள் தத்து முடிய வேண்டும் என்று ஏன் எழுதினார் என்பதும், இன்றைய விதிகளில் போன பிள்ளையைப் பற்றிய அறிக்கைகளை ஏன் விடாமல் கேட்கிறார்கள் என்பதும் இந்த ஒரு வழக்கிலேயே விளங்கும்.

இவ்வளவு ஆர்ப்பாட்டமும் எத்தனை பிள்ளைகளுக்கு என்று பார்த்தால் பெரிய எண்ணிக்கை இல்லை. 2024-25ல் காரா வழியாக நாட்டில் நடந்த தத்துகள் 4,515. அதில் 4,155 உள்நாட்டிலேயே. முதலில் இந்தியப் பெற்றோர் என்று 1984ல் போட்ட வரிசை வேலை செய்திருக்கிறது. வெளிநாட்டில் வாழும் இந்தியப் பிரஜைகளையும் முன்னுரிமையில் இங்கே இருப்பவர்களுக்குச் சமமாகவே வைத்திருக்கிறார்கள். முன்பின் தெரியாத பிள்ளையை எடுக்க நினைக்கும் நியூ ஜெர்சித் தம்பதி அங்கேயுள்ள அமைப்பின் வழியாகக் காராவின் இணையப் பதிவில் சேர்ந்து காத்திருக்க வேண்டும். அங்கே குறுக்கு வழி தேடினால் சிறைதான்.

சொந்தப் பிள்ளையை எடுக்க நினைக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது, பத்திர எழுத்தரிடம் போகும் முன் அங்கே இருக்கிற நாட்டில் விண்ணப்பம் போட்டாயிற்றா என்று பார்க்க வேண்டும். 60ஆம் பிரிவின் உறவினர் வழியா, 1956ஆம் ஆண்டுச் சட்ட வழியா என்பதை அங்குள்ள தத்து அமைப்பையும் இங்குள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகையும் கேட்டுவிட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டுக்கும் வயது வரம்பு வேறு, காகிதம் வேறு. பெற்றவர்களிடமும் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: தத்து முடிந்ததும் பிள்ளை சட்டப்படி தங்கையின் பிள்ளை, அதை ரத்து செய்ய முடியாது. லீவுக்கு வரும்போது "மாமா" என்று கூப்பிடப்போகும் பிள்ளையைப் பற்றி அந்த அண்ணனும் அண்ணியும் தங்களுக்குள் பேசி முடிக்க வேண்டும். விசாரணைக்கு வருகிற அலுவலர் அவர்களிடம் கேட்கப்போகும் முதல் கேள்வியும் ஏறக்குறைய அதுதான்.